தக்காளிக்குச் சான்றிதழ் போதுமா? பீன்யா ஆய்வகம் ஒன்றில் வண்டலும் மகரந்தமும் கொடுத்த அனுபவம்

பூச்சிமருந்து எச்சத்தைப் பரிசோதித்துத் தரும் தனியார் ஆய்வகங்கள் பெங்களூரில் பல உண்டு. அவற்றில் பீன்யா தொழிற்பேட்டையில் இயங்கும் ஒன்றுக்குச் சென்ற ஆண்டு முதல் எங்கள் நிலத்து மாதிரிகளைக் கொடுத்து வருகிறேன். அங்கே வேலை சுத்தமாக நடக்கிறது. கொடுத்த பணத்துக்குப் பலன் இருக்கிறது. ஆனால் எதைத் தேடச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். அவர்கள் கைவசம் வைத்திருக்கும் பரிசோதனைத் தொகுப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால், காய் உண்பவருக்கு உத்தரவாதம் கிடைக்கும். நிலத்துக்கும் நீருக்கும் என்ன ஆகிறது என்பது தெரியாது. குறைகளையும் சொல்லப் போவதால் ஆய்வகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.

நான் அல்சூரில் வசிக்கிறேன். வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனேக்கல் பக்கத்தில் எங்கள் குடும்ப நிலத்தைக் கொழுந்தனார் பார்த்துக்கொள்கிறார். தக்காளி, பீன்ஸ், கொஞ்சம் முட்டைக்கோஸ். வரப்போரம் தேனீப் பெட்டிகள். காய்கறி சர்ஜாபூர் சாலையில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நேரடியாகப் போகிறது. அங்கே வாங்குபவர்கள் மருந்து எச்சச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்காகத்தான் முதலில் பீன்யாவுக்குப் போனோம்.

முதலில் மாதிரி வாங்கும் பிரிவைப் பாராட்ட வேண்டும். அங்கே இருக்கும் பெண் கிருஷ்ணகிரிக்காரர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் விவசாயிகளிடம் நிதானமாகப் பேசுகிறார். பையைத் திறப்பதற்கு முன் வெப்பநிலையைப் பார்க்கிறார். எந்த நாளில் பறித்தது, கடைசியாக என்ன மருந்து, எப்போது அடித்தது என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். எனக்கு முன்னால் ஒருவர் ஹொசகோட்டையிலிருந்து குடைமிளகாய் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் துணியால் துடைத்துப் பளபளவென்று இருந்தது. "அண்ணா, துடைத்துவிட்டால் மேலே இருந்த மருந்தும் போய்விடும். சந்தைக்கு எப்படிப் போகிறதோ அப்படியே கொண்டுவாருங்கள். பத்துக் காய்க்குக் குறையாமல், ஒரு கிலோவாவது, தோட்டத்தின் பல இடங்களிலிருந்து பறியுங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். கட்டணம் வாங்கிக்கொண்டு காயை உள்ளே அனுப்பியிருந்தால் அவருக்கு நல்ல சான்றிதழே கிடைத்திருக்கும். வந்த பணத்தை வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு செயலுக்காகவே இந்த இடத்தின் மீது எனக்கு மரியாதை வந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று வேலையைப் பார்க்க அனுமதிக்கிறார்கள். காயை உலர்பனியோடு சேர்த்து அரைக்கிறார்கள். சூடேறினால் சில மருந்துகள் சிதைந்துபோகும் என்பதற்காக. அரைத்ததில் பத்துக் கிராம் எடுத்து, பத்து மில்லிலிட்டர் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றி, மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் போட்டுக் குழாயைக் குலுக்குகிறார்கள். உப்பு நீரைப் பிடித்துக்கொள்ள, மருந்து கரைப்பானோடு மேலே பிரிகிறது. 2003-இல் வெளிவந்த இந்த எளிய முறையைத்தான் இன்று உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். அந்தச் சாற்றைத் துப்புரவு செய்த பிறகு மருந்துகளைப் பிரித்து அடையாளம் கண்டு அளக்கும் எல்.சி.எம்.எஸ்., ஜி.சி.எம்.எஸ். கருவிகளுக்கு அனுப்புகிறார்கள்.

இனி குறை. "இருநூறுக்கும் மேற்பட்ட மருந்துகள்" என்று அவர்கள் விற்கும் தொகுப்பில் மான்கோசெப் இல்லை. பெங்களூரைச் சுற்றித் தக்காளி போடும் எவரைக் கேட்டாலும், கருகல் நோய்க்கு அதிகம் அடிக்கும் மருந்து எது என்றால் மான்கோசெப் என்பார்கள். அது இந்தப் பொதுமுறையில் சிக்காது. அமிலத்தில் சூடாக்கிக் கார்பன் டைசல்பைடாக மாற்றி, அந்த வாயுவைத்தான் அளக்க வேண்டும். அது தனிப் பரிசோதனை, தனிக் கட்டணம். கிளைபோசேட், பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளும் அப்படித்தான். இதை யாரும் தாமாகச் சொல்லவில்லை. பட்டியலை வரிவரியாகப் படித்துவிட்டு நான் கேட்டபோதுதான் "ஆமாம் மேடம், அது வேறு" என்றார்கள். இருநூறு பெயரில் பெரும்பாலானவற்றை எங்கள் வட்டாரத்தில் யாரும் வாங்குவதே இல்லை. அன்றாடம் தெளிக்கும் ஒன்று விடுபட்டிருக்கிறது. இதை வரவேற்பறைச் சுவரிலேயே எழுதி ஒட்ட வேண்டும்.

கேட்ட பிறகு கிடைத்த விளக்கம் மட்டும் நேர்மையாக இருந்தது. முட்டைக்கோஸுக்கும் மான்கோசெப் பரிசோதனை வேண்டும் என்றேன். உள்ளிருந்து வந்த இளம் வேதியியலாளர், கோஸ் குடும்பத்துச் செடிகளில் இயல்பாகவே கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் மருந்தே அடிக்காத கோஸிலும் கார்பன் டைசல்பைடு காட்டும், அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்றார். அந்தக் கட்டணத்தை அவர் வாங்கவில்லை.

ஆய்வகங்களின் திறனைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். தரும் அங்கீகாரம் பற்றியும் சொல்ல வேண்டும். வாசலில் சின்னம் இருந்தால் எல்லாவற்றுக்கும் அங்கீகாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கீகாரம் பொருள்வாரியாக, பரிசோதனைவாரியாகத் தரப்படுகிறது. எங்கள் ஆய்வகத்துக்குக் காய்கறியில் நீண்ட பட்டியல். தண்ணீரில் அதைவிடச் சிறியது. மண்ணில் இன்னும் சிறியது. மகரந்தத்தில் இல்லவே இல்லை. என்.ஏ.பி.எல். இணையதளத்தில் சான்றிதழ் எண்ணைத் தேடினால் யாரும் இதைப் பார்த்துக்கொள்ளலாம். அங்கீகாரம் இல்லாதவற்றை அவர்கள் சின்னம் போடாத தனித் தாளில் கொடுத்தார்கள். அது சரியான நடைமுறை.

தக்காளி அறிக்கை நல்லபடியாக வந்தது. எந்த மருந்தும் அனுமதித்த வரம்பைத் தாண்டவில்லை. தனி வரம்பு நிர்ணயிக்காத மருந்துகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று பொது வரம்பு வைத்திருக்கிறது, அதற்கும் கீழேதான். குடியிருப்புக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. காய் என்பது செடி வெளியே அனுப்பும் சிறு பகுதி. அடித்த மருந்தில் கணிசமான பங்கு மண்ணில் விழுகிறது, காற்றில் விலகுகிறது, மழையில் ஓடுகிறது. அது போய்ச் சேரும் இடத்தைப் பார்க்காமல் "எங்கள் தோட்டம் சுத்தம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். ஊரின் நீரிலும் மனித இரத்தத்திலும் எச்சத்தைத் தேடி நாடு முழுவதும் பேசப்பட்ட ஆய்வுகள் 2001-இல்தான் வந்தன. அதற்குள் ஒரு தலைமுறையே பாதிக்கப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் நாடு தழுவிய தடை விதித்தது 2011 மே 13-இல். அங்கே முந்திரிப் பருப்பை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது. மண்ணையும் ஓடையையும் ஆண்டுதோறும் பார்த்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

ஆகவே அடுத்த முறை கிணற்று நீரும், நிலத்துக்குக் கீழே இருக்கும் குட்டையின் வண்டலும் எடுத்துப் போனேன். எங்கே எதைத் தேட வேண்டும் என்பது மருந்தின் குணத்தைப் பொறுத்தது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான் கரையும். மண் துகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இமிடாகுளோபிரிட் என்ற இன்னொரு பூச்சிமருந்து 600 மில்லிகிராமுக்கு மேல் கரையும். நீரோடு நீராகப் போய்விடும். முதலாவதை நீரில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, வண்டலில் தேட வேண்டும். இரண்டாவதைத் தேட வேண்டிய இடம் கிணறும் ஓடையும். இந்த ஒரு விஷயத்தை ஆய்வகமே விவசாயிக்கு எடுத்துச் சொல்லலாம், சொல்வதில்லை. "மண்ணா, தண்ணீரா?" என்று மட்டும் கேட்கிறார்கள்.

வண்டலை எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். மழைநீர் வந்து விழும் வாய்க்கால் முனை, நடு, வெளியேறும் இடம் மூன்றிலும் மேலாக இருக்கும் மெல்லிய படிவை மட்டும் அள்ளி, ஒன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை வைத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிவிட வேண்டும்; அரைக் கிலோ வரும்வரை இப்படியே. வெயிலில் காயவைக்கக் கூடாது. கண்ணாடிப் புட்டியில் அடைத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோனோம். நீரைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்பச் சொல்லி அவர்களே புட்டி கொடுத்தார்கள்.

கிணற்று நீரில் எதுவும் இல்லை. வண்டலில் குளோர்பைரிபாஸ் கிலோவுக்கு 0.08 மில்லிகிராம் இருந்தது. அது சிதைந்து உண்டாகும் டிரைகுளோரோபிரிடினாலையும் தேடச் சொல்லித் தனியாக எழுதிக் கொடுத்திருந்தேன், அதுவும் இருந்தது. நாங்கள் அந்த மருந்தைத் தொடுவதே இல்லை. கொழுந்தனாரின் தெளிப்புக் குறிப்பேட்டில் தேதி, மருந்து, அளவு, காற்றின் திசை எல்லாம் இருக்கிறது. அந்தக் குறிப்பேடு இல்லாமல் எந்த அறிக்கையும் அரைகுறைதான்; ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள்.

அறிக்கையில் ஒரு பிழை. வண்டலுக்கு எதிரே, வரம்பு என்ற கட்டத்தில் 0.01 என்று அச்சிட்டு "வரம்பை மீறியது" எனக் குறித்திருந்தார்கள். அது உணவுக்கான வரம்பு. வண்டலை யாரும் உண்பதில்லை. நீர் அறிக்கையில் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தை வைத்திருந்தார்கள். அதில் குளோர்பைரிபாஸுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இடமுண்டு. பாட்டில் குடிநீருக்கான தரத்திலோ எந்தத் தனி மருந்தும் 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. முந்நூறு மடங்கு வித்தியாசம்! இரண்டுமே மனிதர் குடிப்பதைப் பற்றியவை. குட்டையில் வாழும் நீர்த்தெள்ளு என்ற மிகச் சிறிய உயிரி, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான குளோர்பைரிபாஸிலேயே செத்துப்போகும். அதைத் தின்று வளரும் மீன் குஞ்சுக்கும் தட்டான் புழுவுக்கும் பிறகு உணவு ஏது? "தகுதி" என்று முத்திரை விழுந்த நீரில் உயிரே இல்லாமல் இருக்கலாம். இதை எழுதி அனுப்பினேன். மறுப்புச் சொல்லாமல், வண்டலுக்கு வரம்புக் கட்டத்தை நீக்கித் திருத்திய அறிக்கை கொடுத்தார்கள். திருத்தத்துக்குப் பணம் கேட்கவில்லை.

மகரந்தம்தான் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது. பெட்டிகளில் வளர்வது நம்முடைய அடுக்குத் தேனீ. பக்கத்தில் வெள்ளரி பூக்கும் காலத்தில் வெளியே போகும் தேனீக்களில் திரும்பி வருபவை குறைகின்றன என்று கொழுந்தனார் சொல்லிக்கொண்டே இருந்தார். "அண்ணி, செத்துக் கிடந்தால் எண்ணிக் காட்டலாம். இவை வீடு திரும்புவதில்லை, எதைக் காட்டுவது?" என்றார். அடையில் தேனீக்கள் சேர்த்து வைத்திருந்த மகரந்தத்தைச் சிறு கரண்டியால் சுரண்டி எடுத்துக் கொடுத்தோம்.

அவர்களுடைய வழக்கமான அளவீட்டு வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதற்குக் கீழே எது இருந்தாலும் "வரம்புக்குக் கீழே" என்று போட்டு முடித்துவிடுவார்கள். மனிதர் உண்ணும் காய்க்கு அது நியாயம். தேனீக்கு? 0.01 என்றால் ஒரு கிராம் மகரந்தத்தில் பத்து நானோகிராம். ஐரோப்பியத் தேனீயில் செய்த சோதனைகளின்படி, வாய்வழியாகப் போன இமிடாகுளோபிரிட் ஒரு தேனீக்கு 3.7 நானோகிராம் என்ற அளவிலேயே பாதித் தேனீக்களைக் கொல்லும். அந்த இளம் வேதியியலாளரிடம் கணக்கைக் காட்டி, 0.001 வரை இறங்கி அளக்க முடியுமா என்று கேட்டேன். கருவியால் முடியும், ஆனால் அளவுத்திருத்தத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும், கூடுதல் கட்டணம் ஆகும் என்றார். கட்டினேன்.

இமிடாகுளோபிரிட் கிலோவுக்கு 0.004 மில்லிகிராம் என்று வந்தது. வழக்கமான அறிக்கையில் இது வெறும் "வரம்புக்குக் கீழே" ஆகியிருக்கும்.

இதை வைத்துப் பயமுறுத்த விரும்பவில்லை. தேனீ ஒரு நாளில் உண்ணும் மகரந்தம் சில மில்லிகிராம்தான், 0.004 உடனே கொல்லும் அளவு அல்ல. ஆனால் கொல்லாத சிறு அளவிலும் இந்த வகை மருந்துகள் தேனீயின் நினைவாற்றலையும் வழி அறியும் திறனையும் குலைக்கின்றன என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இமிடாகுளோபிரிட் உட்பட மூன்று நியோநிக்கோட்டினாய்டு மருந்துகளைத் திறந்த வயலில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது தேனீக்களை முன்னிட்டுத்தான். கொழுந்தனார் கண்ணால் கண்டு சொன்னதற்கு ஒரு எண் கிடைத்தது. அந்த எண் சிறியதுதான். ஆனாலும் அது வந்த பிறகு வெள்ளரிக்காரர், பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் மருந்து அடிப்பதை மாலைக்கு மாற்றிக்கொண்டார். மருந்தை மாற்றச் சொல்லி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

குளோர்பைரிபாஸ் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. மேட்டு நிலத்துப் பெரியவர் சோளத்துக்கும் கோஸுக்கும் அதைத்தான் அடிக்கிறார். வயலில் அடித்ததைவிட, கைத்தெளிப்பானைக் கழுவும் இடம்தான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். வாய்க்கால் மதகின் கல்லில் வைத்து மூடியைத் திறந்து, மிச்சத்தைக் கவிழ்த்து, இரண்டு குடம் நீர் ஊற்றி ஆட்டிவிட்டுப் போவார். கல்லில் வெள்ளைப் படிவு தெரியும். நாங்கள் அறிக்கையோடு போய் உட்கார்ந்து பேசினோம். "என் கிணறும் இதற்குக் கீழேதானே இருக்கிறது" என்று அவரே சொன்னார். குற்றம் சாட்டும் தொனியில் போயிருந்தால் கதவு மூடியிருக்கும். அந்தத் தாளில் எங்கள் நிலத்தின் பெயர்தான் இருந்தது. அது பேச்சைச் சுலபமாக்கியது.

என்ன செய்யலாம் என்பதற்கும் அந்த வேதியியலாளர்தான் வழி சொன்னார். மிச்ச மருந்தைத் தெளிப்பானில் மூன்று முறை அலசி, அந்த நீரைப் பயிருக்கே அடித்துவிட வேண்டும். கழுவுவதற்கு வாய்க்காலுக்கு எட்டாத இடத்தில் ஒரு குழி: வைக்கோல் பாதி, மட்கு கால், மேல்மண் கால் கலந்து நிரப்பி, மேலே புல் வளர்க்க வேண்டும். வைக்கோலில் வளரும் பூஞ்சைகள் மருந்தைச் சிதைக்கும். 1993-இல் சுவீடனில் தொடங்கிய முறை இது. பெரியவர் தோட்டத்தில் இப்போது அந்தக் குழி இருக்கிறது. பிறகு எடுத்த வண்டலில் அளவு குறைந்திருந்தது. நடுவில் நல்ல மழையும் பெய்ததால், ஒரு மாதிரியை வைத்துக் குழியின் வெற்றி என்று சொல்ல மாட்டேன். குளோர்பைரிபாஸை ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் கைவிட்டது. எளிதில் சிதையாத நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்க வேண்டிய பட்டியலிலும், 2025-இல், சில விலக்குகளோடு, சேர்ந்துவிட்டது. பெரியவரிடம் இதையும் சொல்லியிருக்கிறோம்.

ஆய்வகத்தால் செய்ய முடியாததும் ஒன்று இருக்கிறது. நஞ்சின் அளவை அது சொல்லும். உயிர்கள் எப்படி இருக்கின்றன என்று சொல்லாது. மண்வெட்டியால் ஒரு சதுர அடி மண்ணைப் புரட்டி மண்புழுவை எண்ணுவது, தரை மட்டத்தில் கிண்ணம் புதைத்து இரவில் விழும் வண்டு, சிலந்திகளைப் பார்ப்பது எல்லாம் நம் வேலை. இரசாயனம் மட்டும்தான் கண்காணிக்க வேண்டியது என்பதும் இல்லை. பார்த்தீனியக் களையை ஒழிக்க மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த வண்டை 1984-இல் பெங்களூரில்தான் விட்டார்கள். சில ஆண்டுகளில் அது சூரியகாந்தியையும் கடிக்கிறது என்ற புகார் எழுந்தது. அறிவியலாளர்கள் திரும்பப் போய் ஆராய வேண்டியிருந்தது. விட்ட பிறகும் பின்தொடர்ந்து பார்ப்பது என்றால் அதுதான். பூஞ்சை நோய்க்கு அடிக்க இயற்கை வேளாண்மையில் அனுமதித்த போர்டோக் கலவையிலும் தாமிரம் இருக்கிறது. அது சிதையாது, மண்ணிலேயே சேரும். அதை மருந்துத் தொகுப்பில் தேடினால் கிடைக்காது, உலோகப் பரிசோதனை தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் தக்காளி நிலத்துக்கு அதையும் சேர்த்திருக்கிறேன்.

கட்டணம் ஒரு மாதிரிக்கு வரி சேர்த்து ஆறாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. மான்கோசெப், உலோகம், கூடுதல் நுண்ணளவு எல்லாம் அதற்கு மேல். சிறு விவசாயி தனியாகத் தாங்கக்கூடிய தொகை அல்ல. ஒரே வாய்க்காலைப் பயன்படுத்தும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டல் மாதிரி கொடுத்தால் செலவும் குறையும், பேச்சும் தொடங்கும். சொன்ன தேதிக்கு அறிக்கை வருகிறது. ஆனால் முழுவதும் ஆங்கிலத்தில். கன்னடத்திலோ தமிழிலோ ஒரு பக்கச் சுருக்கம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. மாதிரி எடுக்க ஆள் அனுப்பும் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் வாகனம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எடுத்துவிட்டுப் போகிறார்கள். வாய்க்கால் எங்கே வளைகிறது என்பது நிலத்துக்காரருக்குத்தான் தெரியும்.

காய்கறி விற்கச் சான்றிதழ் மட்டும் வேண்டும் என்பவர்கள் தயங்காமல் போகலாம். மான்கோசெப்பைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் முதல் கோடை மழை வாய்க்காலில் ஓடிய மறுநாளும், மழைக்காலம் முடிந்த பிறகும் வண்டல் எடுங்கள்; இரண்டையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் சோதித்தால்தான் ஒப்பிட முடியும். மாதிரி வாங்கும் பிரிவில் அந்தக் கிருஷ்ணகிரிப் பெண் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். நாங்கள் இந்த ஆண்டு மழைக்குப் பிறகு மறுபடியும் போகிறோம். பெரியவரும் தன் கிணற்று நீரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.